தமிழ்நாட்டில் வலுமிக்க நாய் வளர்ப்பும் அயலவர் பாதுகாப்பும்

வலுமிக்க நாய் வளர்ப்பு என்பது காவல், வேட்டை, கால்நடை மேய்ப்பு முதலிய பணிகளுக்காக உருவாக்கப்பட்ட, பெரிய உடலும் வலிய தாடையும் கொண்ட நாய்களை வீட்டில் வளர்ப்பதைக் குறிக்கும். ராட்வைலர், பிட்புல் ஆகியவை இவ்வகையில் அடிக்கடி குறிப்பிடப்படும் வெளிநாட்டு இனங்கள் ஆகும். இத்தகைய நாய் வீட்டாருக்குக் காவலாக அமையும் அதே வேளையில், அடுத்த வீட்டாருக்கும் தெருவில் செல்வோருக்கும் ஆபத்தாக மாறக்கூடும். 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் நிகழ்ந்த இரு தாக்குதல்களை அடுத்து இச்சிக்கல் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்நிகழ்வுகள், அவற்றை ஒட்டிய தடை முயற்சிகள், நடைமுறையில் உள்ள சட்டங்கள் ஆகியவற்றையும், தஞ்சாவூரை உள்ளடக்கிய காவிரிப் படுகைக்கு அவை எவ்வாறு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தெருநாய்கள் பற்றிய சிக்கல் இதிலிருந்து வேறானது. தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை. அதற்கு உள்ளாட்சி அமைப்பே பொறுப்பு. வளர்ப்பு நாய்க்குப் பொறுப்பேற்க வேண்டியவர் பெயரும் முகவரியும் உடைய ஒருவர் ஆவார்.

பின்னணி

காவிரிப் படுகையில் நாய் வளர்ப்பு புதிதன்று. களத்தில் குவித்த நெல்லுக்கும், தென்னந்தோப்புக்கும், வயல்வெளியில் தனித்து நிற்கும் மோட்டார் கொட்டகைக்கும் நாய்கள் காவல் இருந்து வந்துள்ளன. அறுவடைக்குப் பின் வயல்களில் ஆட்டுக் கிடை போடுவதற்காக இராமநாதபுரம் பகுதியிலிருந்து வரும் கீதாரிகள் நாய்களையும் உடன் கொண்டு வருவது வழக்கம். அலங்கு எனப்படும் பெரிய உடலமைப்புள்ள நாய் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளுக்கு உரியது என்று சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டின் பிற பெயர்பெற்ற நாட்டு நாய்களான இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவை தென்மாவட்டங்களைச் சேர்ந்தவை.

இந்நாய்களின் பணியும் அவற்றின் சூழலும் ஒன்றோடொன்று பொருந்தி இருந்தன. கிடை நாய்க்கு ஓடித் திரிய வெளி இருந்தது. நாள் முழுவதும் மனிதரோடும் ஆடுகளோடும் பழக்கம் இருந்தது. அதன் குணத்தை அறிந்த ஒருவர் எப்போதும் அருகில் இருந்தார். நகர்ப்புற வீட்டுமனையில் வளரும் காவல் நாய்க்கு இம்மூன்றும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பணி மாறாமல் சூழல் மட்டும் மாறியதே இன்றைய சிக்கலின் தொடக்கம் எனலாம்.

வெளிநாட்டு இனங்களுக்கும் இது பொருந்தும். ராட்வைலர், செருமனியின் ராட்வைல் நகரில் மாடுகளை ஓட்டிச் செல்லவும் இறைச்சி வணிகரின் வண்டியை இழுக்கவும் பயன்பட்ட நாய் ஆகும். வளர்ந்த ஆண் நாய் ஏறத்தாழ 50 கிலோகிராம் எடை கொண்டது. பிட்புல் வகை நாய்களின் முன்னோர் இங்கிலாந்தில் காளைகளோடு பொரவிடப்பட்ட நாய்கள் ஆவர். அந்நாட்டில் 1835 ஆம் ஆண்டு அவ்விளையாட்டு தடைசெய்யப்பட்ட பின்னர் அவற்றின் வழித்தோன்றல்கள் நாய்ச் சண்டைகளில் பயன்படுத்தப்பட்டன.

சென்னை நிகழ்வுகள்

மே 5, 2024 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் மாடல் பள்ளிச் சாலையை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. சிறுமி அப்பூங்காவின் காவலாளியின் மகள். குடும்பம் பூங்காவிலேயே வசித்து வந்தது. மகளை மீட்கச் சென்ற தாயும் காயமடைந்தார். தலையில் பலத்த காயமுற்ற சிறுமிக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. நாய்களுக்கு மாநகராட்சி உரிமம் பெறப்படவில்லை என்பது பின்னர் தெரிய வந்தது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

ஆகஸ்ட் 2025 இல் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் ஒன்று தாக்கியதில் 55 வயதுடைய ஒருவர் தெருவிலேயே உயிரிழந்தார். நாயைத் தடுக்க முயன்ற அதன் உரிமையாளரும் காயமடைந்தார். இதற்கு முன்னர், சூலை 2022 இல் உத்தரப் பிரதேசத்தின் லக்னோவில் 82 வயது மூதாட்டி ஒருவர் தம் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் நாயால் கொல்லப்பட்டது நாடு முழுவதும் அறியப்பட்ட நிகழ்வாகும்.

இந்நிகழ்வுகளில் இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கவை. முதலாவதாக, நாயை அடக்கும் உடல்வலிமை கொண்டவர் அந்நேரத்தில் அருகில் இல்லை, அல்லது அருகில் இருந்தவரால் அடக்க இயலவில்லை. இரண்டாவதாக, சென்னையில் பாதிக்கப்பட்ட இருவரும் நாயை வளர்க்க முடிவு செய்தவர்கள் அல்லர். அந்நாயால் கிடைக்கும் காவலில் அவர்களுக்குப் பங்கில்லை; அதன் ஆபத்தில் மட்டுமே பங்கு இருந்தது.

இருபத்து மூன்று இனங்கள் மீதான தடை

மார்ச் 12, 2024 அன்று இந்திய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல் டெரியர், தோசா இனு, பிலா பிரேசிலீரோ, டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ, ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்கு அனுமதி தரக்கூடாது என்றும், முன்னரே வளர்க்கப்படுவனவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. ஆபத்தான நாய்களைத் தடைசெய்யக் கோரும் மனு ஒன்றைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் டிசம்பர் 2023 இல் பணித்ததன் தொடர்ச்சியாக இச்சுற்றறிக்கை வெளியானது.

சுற்றறிக்கை நீண்ட நாள் நிலைக்கவில்லை. பல உயர் நீதிமன்றங்களில் அதற்கு எதிராக வழக்குகள் தொடரப்பட்டன. ஏப்ரல் 10, 2024 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. பாதிக்கப்படக்கூடியவர்களின் கருத்தைக் கேட்காமல் அது வெளியிடப்பட்டது என்பது முதன்மையான காரணம் ஆகும். அதே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றத்திலும் சுற்றறிக்கை நீக்கப்பட்டது. பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பின்னரே புதிய முடிவு எடுக்கப்பட வேண்டும் என்ற நிலை உருவானது.

நுங்கம்பாக்கம் நிகழ்வுக்குப் பின், மே 2024 இல் தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை அதே 23 இனங்களைத் தடைசெய்யும் அறிவிப்பை வெளியிட்டு, உடனே அதனை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் மாநில அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் தமிழ்நாடு விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல், நாட்டு இனங்களைப் பேணுதல், இங்குள்ள வெப்பநிலைக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களைத் தவிர்த்தல் ஆகியவை அதன் முதன்மை நோக்கங்கள். எனவே அது விற்பவரை நோக்கிய கொள்கையே அன்றி, வளர்ப்பவரை நோக்கியது அன்று.

டிசம்பர் 2025 இல் சென்னை மாநகராட்சி மாமன்றம் பிட்புல், ராட்வைலர் ஆகிய இரு இனங்களுக்கும் புதிதாக உரிமம் வழங்குவதில்லை என்று தீர்மானித்தது. முன்னரே உரிமம் பெற்றோர் அந்நாய்களைக் கழுத்துப்பட்டையும் வாய்மூடியும் இன்றி வெளியே அழைத்து வரக்கூடாது என்றும் விதிக்கப்பட்டது. இத்தீர்மானம் சென்னை மாநகராட்சி எல்லைக்கு மட்டுமே உரியது.

இனப்பட்டியல்: வாதமும் எதிர்வாதமும்

இனப்பட்டியலை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. எந்த நாயும் கடிக்கும் என்பது உண்மையே. ஆனால் கடியின் விளைவு ஒன்றல்ல. 8 கிலோகிராம் எடையுள்ள நாய் கடித்தால் சில தையல்களோடு முடியக்கூடும். 50 கிலோகிராம் எடையுள்ள நாய் தாக்கினால் குழந்தை உயிரிழக்கக்கூடும். ஆபத்து என்பது நிகழும் வாய்ப்பையும் நிகழ்ந்தால் ஏற்படும் இழப்பையும் சேர்த்தே அளக்கப்படுகிறது. வாய்ப்பு குறைவாக இருப்பினும் இழப்பு மிகுதி என்றால் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்பது அவர்கள் நிலைப்பாடு.

எதிர்ப்போர் மூன்று குறைகளைச் சுட்டுகின்றனர்:

முதலாவது, வரையறைக் குறை. 2024 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சில இனங்களைத் தனித்தனியே பெயரிட்டதோடு, "டெரியர்", "மாஸ்டிப்" போன்ற பெருந்தொகுதிகளையும் பொதுவாகச் சேர்த்திருந்தது. டெரியர் தொகுதியில் மடியில் வைத்துக் கொஞ்சும் சிறு நாய்களும் அடங்கும்.

இரண்டாவது, அடையாளக் குறை. பல நாய்கள் கலப்பினங்கள். சான்றிதழ் இல்லாத ஒரு நாயைக் கண்ணால் மட்டும் பார்த்து அதன் இனத்தை உறுதியாகக் கூறுவது கால்நடை மருத்துவருக்கும் கடினம்.

மூன்றாவது, இடப்பெயர்ச்சிக் குறை. ஓர் இனம் தடைசெய்யப்பட்டால், அச்சமூட்டும் நாயை விரும்புவோர் பட்டியலில் இல்லாத வேறோர் இனத்தை நாடுவர். வளர்ப்பு முறை மாறாமல் நாயின் பெயர் மட்டுமே மாறும்.

ஆய்வு முடிவுகள்

2022 இல் "சயின்சு" இதழில் வெளியான ஆய்வு ஒன்று 18,000 க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டியது. தனித்தனி நாய்களுக்கு இடையே காணப்பட்ட நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. அதாவது, ஒரு நாயின் இனப்பெயரைக் கொண்டு அந்த நாயின் குணத்தை முன்கூட்டிச் சொல்வது நம்பத்தக்கது அன்று.

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நிகழ்ந்த, நாய்க்கடியால் விளைந்த 256 இறப்புகளை ஆராய்ந்த ஆய்வு 2013 இல் வெளியானது. அதில் கண்டறியப்பட்ட கூறுகளில் சில வருமாறு:

- தலையிட்டுத் தடுக்கக்கூடிய எவரும் அருகில் இல்லாமை: 87.1 விழுக்காடு
- பாதிக்கப்பட்டவருக்கும் நாய்க்கும் முன்பழக்கம் இல்லாமை: 85.2 விழுக்காடு
- நாய்க்குக் கருத்தடை செய்யப்படாமை: 84.4 விழுக்காடு
- மனிதரோடு அன்றாட நற்பழக்கம் இன்றி நாய் ஒதுக்கி வைக்கப்பட்டமை: 76.2 விழுக்காடு

ஐந்தில் நான்கு பங்கு நிகழ்வுகளில் இத்தகைய கூறுகளில் நான்கோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நாயின் இனத்தை உறுதியாகக் கூற முடிந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிகழ்வுகளில் மட்டுமே. அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தப்பட்டு 1994 இல் வெளியான மற்றோர் ஆய்வும், கடித்த நாய்களில் கருத்தடை செய்யப்படாதவையும் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டவையும் மிகுதியாக இருந்தமையைக் காட்டியது.

இவ்வாய்வுகள் அனைத்தும் வெளிநாட்டைச் சார்ந்தவை. எனினும் இவற்றில் சுட்டப்படும் கூறுகள், அதாவது கட்டிப்போட்டு வளர்த்தல், தனிமை, மேற்பார்வை இன்மை, கருத்தடை இன்மை ஆகியவை இடத்தைப் பொறுத்தவை அல்ல. இவை அனைத்தும் உரிமையாளரின் கையில் உள்ளவை என்பது குறிப்பிடத்தக்கது.

நடைமுறையில் உள்ள சட்டங்கள்

23 இனங்கள் மீதான தடை நீக்கப்பட்டதால் இத்துறையில் சட்டமே இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. இனத்தைப் பொருட்படுத்தாத சட்டப் பிரிவுகள் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளன.

பாரதிய நியாய சங்கிதை, பிரிவு 291. சூலை 1, 2024 முதல் நடைமுறைக்கு வந்த இப்பிரிவு, 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 289 ஆம் பிரிவின் தொடர்ச்சி ஆகும். தம்மிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயம் நேரும் வகையிலோ ஏற்படக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யத் தெரிந்தே அல்லது கவனக்குறைவால் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முந்தைய சட்டத்தில் அபராத வரம்பு 1,000 ரூபாயாக இருந்தது. இப்பிரிவின்படி குற்றம் என்பது கடித்தல் அன்று. போதிய ஏற்பாடு செய்யாமையே குற்றம். எனவே எவரும் கடிபடாத நிலையிலும் இது பொருந்தும்.

பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சங்கிதை, பிரிவு 152. முன்னர் 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 ஆம் பிரிவாக இருந்தது. காவல்துறை அறிக்கை அல்லது வேறு தகவலின் பேரில், ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கவோ வேறு வகையில் அகற்றவோ அதன் உரிமையாளருக்கு நிபந்தனை ஆணை பிறப்பிக்க மாவட்ட நடுவருக்கும் உட்கோட்ட நடுவருக்கும் இது அதிகாரம் அளிக்கிறது. உரிமையாளர் நேரில் தோன்றித் தம் தரப்பை எடுத்துரைக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே உட்கோட்ட நடுவராகச் செயல்படுகிறார்.

பிற தண்டனைப் பிரிவுகள். கவனக்குறைவான செயலால் காயம் ஏற்பட்டால் பாரதிய நியாய சங்கிதையின் 125 ஆம் பிரிவும், இறப்பு நேர்ந்தால் 106 ஆம் பிரிவும் பொருந்தலாம். பின்னதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. இதன் 11 ஆம் பிரிவு, விலங்கை அளவுக்கு மீறிய நேரம் மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிய உடலசைவு தராமல் விடுவதையும், விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதையும், தக்க காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றங்களாகக் கொள்கிறது. இச்சட்டத்தின் கீழ் 2017 இல் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வெளியிடப்பட்டன. அவற்றின்படி எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளை விற்கக்கூடாது.

விலங்கைக் காக்கும் 1960 ஆம் ஆண்டுச் சட்டமும் மனிதரைக் காக்கும் தண்டனைச் சட்டமும் இங்கு எதிரெதிரானவை அல்ல. நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் வதைபடுகிறது. அதே நாய்தான் கட்டு அறுந்த நாளில் தெருவுக்கு ஆபத்தாகிறது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தின் 1991 ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம், பிட்புல் டெரியர், சப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரேசிலீரோ ஆகிய நான்கு வகைகளைத் தடை செய்தது. பின்னர் எக்சு எல் புல்லி என்னும் வகை சேர்க்கப்பட்டு, பெப்ரவரி 1, 2024 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் விலக்குச் சான்றிதழ் இன்றி அதனை வைத்திருப்பது குற்றமானது. பட்டியலில் இல்லாத ஒரு வகை 30 ஆண்டுகளுக்குப் பின் புதிதாகச் சேர்க்கப்பட வேண்டியிருந்தமை மேலே கூறிய இடப்பெயர்ச்சிக் குறைக்கு எடுத்துக்காட்டு ஆகும். அதே சட்டத்தின் 3 ஆம் பிரிவு, எந்த இனமாயினும் கட்டுப்பாடின்றி ஆபத்தான நிலையில் இருக்கும் நாயின் உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. 2014 முதல் இது தனியார் வீட்டு வளாகத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

நெதர்லாந்து 1993 இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்ற காரணத்தால் 2008 இல் கைவிட முடிவு செய்தது.

தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் இடைப்பட்ட முறை ஒன்று பின்பற்றப்படுகிறது. பட்டியலிடப்பட்ட நாய்களை வளர்க்க உரிமம், மைக்ரோசிப், கருத்தடை, பொது இடத்தில் கழுத்துப்பட்டை, வாய்மூடி ஆகியவற்றோடு காப்புறுதியும் தேவை. அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரிய நாய்களுக்குப் பொதுவாக இடமில்லை. இம்முறையில் தடையை விட நாயால் விளையும் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கே முதன்மை தரப்படுகிறது.

காவிரிப் படுகையில் நிலைமை

சென்னையின் அனுபவத்தை அப்படியே தஞ்சாவூருக்குப் பொருத்த இயலாது. படுகையின் குடியிருப்புகள் மூன்று வகையாக அமைந்துள்ளன.

பழைய நகரத் தெருக்களும் அக்கிரகாரங்களும்: தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி முதலிய ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கின்றன, திண்ணை நேராகத் தெருவைத் தொடுகிறது. வாசற்கதவு திறந்தால் நாய் தெருவில் நிற்கும். இடையில் முற்றவெளியோ வெளிக்கதவோ இல்லை. பெரிய காவல் நாய்க்கு இவ்வகை வீடு பொருந்தாது.

புதிய மனைப்பிரிவுகள்: நகரங்களின் புறத்தே வயல்கள் மனைகளாகி உருவான "நகர்"களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரிய, முதிய பெற்றோர் தனித்து வாழும் வீடுகளுக்குக் காவலாக வலிய நாய் வாங்கப்படுவதுண்டு. நோக்கம் நியாயமானது. ஆனால் நாயை வாங்கித் தருபவர் ஊரில் இல்லை. உடனிருப்பவரால் 50 கிலோகிராம் எடையுள்ள நாயைச் சங்கிலியில் பிடித்து நிறுத்த இயலாது. லக்னோவில் இறந்தவர் 82 வயது மூதாட்டி என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

சிற்றூர்களும் வயல்வெளியும்: நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள் விடியும் முன்பே வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நடக்கின்றனர். தோப்பிலும் பண்ணை வீட்டிலும் இரவில் அவிழ்த்து விடப்படும் நாய்களை அவர்கள் எதிர்கொள்ள நேர்கிறது. வேலிக்குள் உள்ள நாய்க்கு வேலியின் எல்லை தெரியும். வேலி இல்லாத தோப்பில் நாய் எதனைத் தன் எல்லையாகக் கொள்ளும் என்று சொல்ல இயலாது. ஆடு, மாடு, கிடை ஆகியவையும் தாக்குதலுக்கு உள்ளாகக்கூடும்.

சிறுவர், பால்காரர், அஞ்சல்காரர், எரிவாயு உருளை கொண்டு வருபவர், மின்கணக்கெடுப்பவர், கூலித் தொழிலாளர் ஆகியோரே மூன்று வகை இடங்களிலும் முதலில் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். இவர்களில் பலருக்கு வீட்டு உரிமையாளரிடம் நாயைக் கட்டுமாறு வற்புறுத்தும் நிலை இல்லை. ஆகவே இதனை இரு வீட்டாருக்கு இடையிலான மனத்தாங்கலாக மட்டும் கொள்ளலாகாது.

சென்னை மாமன்றத் தீர்மானம் படுகைக்குச் செல்லாது. தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளும், நகராட்சிகளும், பேரூராட்சிகளும், ஊராட்சிகளும் தத்தம் எல்லைக்குத் தாமே முடிவெடுக்க வேண்டும். ஆயின் 152 ஆம் பிரிவுக்கு எல்லைச் சிக்கல் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை ஆகிய இடங்களில் கோட்டாட்சியர் அலுவலகங்கள் உள்ளன. நாய் பலமுறை வெளியேறித் துரத்தியது போன்ற முன்நிகழ்வுகளை நாள், நேரம், சாட்சி ஆகியவற்றோடு எழுதித் தரும் மனு, கடி நிகழும் முன்பே ஆணை பெறுவதற்கு அடிப்படையாகலாம்.

உரிமையாளரின் கடமைகள்

1. தெரிவு: நாயை அடக்கக்கூடிய ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பாரா, சுற்றுச்சுவரும் தாழிடத்தக்க கதவும் உள்ளனவா என்பவற்றை வாங்கும் முன் ஆராய வேண்டும். அடர்ந்த உரோமம் கொண்ட குளிர்நாட்டு இனங்கள் படுகையின் கோடை வெப்பத்தில் துன்புறும்.

2. இளமைப் பழக்கம்: குட்டியின் 3 ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12 ஆம் வாரம் வரையிலான காலம் அதன் குணத்தை வடிவமைப்பதில் முதன்மையானது. அக்காலத்தில் பலதரப்பட்ட மனிதர், குழந்தைகள், வாகனங்கள், கால்நடைகள் ஆகியவற்றை அச்சமின்றிக் கண்டு பழக வேண்டும். "காவல் கெட்டுவிடும்" என்று குட்டியை எவருக்கும் காட்டாமல் வளர்ப்பது தவறு. அவ்வாறு வளர்ந்த நாய் திருடனையும் விருந்தினரையும் பிரித்தறியாது.

3. பயிற்சி: அடித்தும் அச்சுறுத்தியும் பழக்கும் முறை நாயின் முரட்டுத்தனத்தைக் கூட்டக்கூடும். கட்டளைக்குப் பணியும்போது உணவும் பாராட்டும் தந்து பழக்குவதே கால்நடை நடத்தையியலாளர் பரிந்துரைக்கும் முறை.

4. கருத்தடையும் தடுப்பூசியும்: வெறிநோய்த் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுச் சான்றிதழைப் பாதுகாக்க வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனைகளையும், தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் அமைந்துள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையும் இதற்கு அணுகலாம்.

5. அடைப்பு: குட்டைச் சங்கிலியை விட, உயரமான வேலியிட்ட இடம் நாய்க்கும் அயலவர்க்கும் நல்லது. வெளிக்கதவுக்கும் நாய் உலவும் இடத்துக்கும் இடையே இரண்டாவது கதவு இருப்பின், ஒரு கதவு தவறுதலாகத் திறந்தாலும் நாய் தெருவுக்கு வராது. நாய் இருப்பதை அறிவிக்கும் பலகை வைக்கப்பட வேண்டும். பலகை வைத்ததால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது.

6. வெளியே அழைத்துச் செல்லல்: கழுத்துப்பட்டை, உறுதியான கயிறு, வாய்மூடி ஆகியவற்றோடு, நாயை அடக்கும் வலிமையுள்ள ஒருவரே அழைத்துச் செல்ல வேண்டும். இப்பணியைச் சிறுவரிடம் ஒப்படைக்கக்கூடாது.

கடிபட்டால்

காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் போன்றவற்றை இடக்கூடாது. தாமதமின்றி அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். தோலுக்குள் இடும் முறையில் வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. ஆழமான காயமாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்புரதமும் செலுத்தப்படும். தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்பதால் மருத்துவரிடம் செல்லாமல் இருக்கக்கூடாது. வெறிநோய் அறிகுறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. 2024 இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4.8 இலட்சம் நாய்க்கடிகள் பதிவாயின; வெறிநோயால் 43 பேர் இறந்தனர். இவை தெருநாய், வளர்ப்பு நாய் இரண்டையும் சேர்த்த எண்ணிக்கைகள் ஆகும்.

மதிப்பீடு

மார்ச் 2024 முதல் நடந்தவற்றைத் தொகுத்து நோக்கினால், விவாதம் பெரும்பாலும் எந்த இனம் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதைச் சுற்றியே அமைந்தது தெரிகிறது. பட்டியல் வந்தது, நீதிமன்றத்தில் வீழ்ந்தது, மாநிலத்தில் அறிவிக்கப்பட்டு விலக்கப்பட்டது, ஒரு மாநகராட்சியில் வேறு வடிவில் மீண்டும் வந்தது. இதற்கிடையே, இனத்தைக் கேளாமல் உரிமையாளரின் ஏற்பாட்டை மட்டும் கேட்கும் சட்டம் 1862 முதல் நடைமுறையில் உள்ளது. அது பேசப்படுவது பெரும்பாலும் கடி நிகழ்ந்த பின்னரே.

பெரிய இனங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்பதை ஆய்வுகள் மறுக்கவில்லை. நாயின் வலிமை கூடக்கூட உரிமையாளரின் கடமையும் கூட வேண்டும் என்ற முறையில் அதனைப் புரிந்துகொள்ளலாம். உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்கும் பதிவேட்டில் நாயின் இனப்பெயரோடு, அதன் எடை, கருத்தடை, தடுப்பூசி, வேலியின் நிலை, முன்னர்க் கடித்த அல்லது துரத்திய நிகழ்வுகள், அடக்கப் பொறுப்பானவரின் பெயர் ஆகியவையும் இடம்பெறுமானால் எந்த வீட்டைக் கண்காணிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியவரும். நுங்கம்பாக்கம் பூங்காவில் கடிபட்ட சிறுமியின் குடும்பத்துக்கு அந்நாய்கள் எந்த இனம் என்பதை விட, அவை கட்டப்பட்டிருந்தனவா என்பதே முதன்மையான கேள்வியாக இருந்திருக்கும்.